தேயிலை மலையில் விண்மீன் நடை

மாசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவது மகா சிவராத்திரி. மலையகத் தோட்டக் கோவில்களிலே அன்று விடிய விடியக் கண்விழிப்போர் பலர். நிலவோ விடியலை அண்டியே மெல்லிய கீற்றாக எழும். அட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பகுதிகளில் மழை குறைந்து வானம் தெளிந்திருக்கக்கூடிய காலமும் அதுவே. விண்மீன்களைப் படம்பிடிக்கப் பழக விரும்புவோர்க்கு அதனினும் உகந்த இரவு வேறு உண்டோ? வாருங்கள் நேயர்களே, தேயிலை மலையொன்றில் சிறிது தூரம் நடந்து வருவோம்.

புறப்படுமுன் சில எச்சரிக்கைகள். தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பாதைகளை நன்கறிந்த பெரியவர் ஒருவர் முன்னே செல்ல, மற்றொருவர் கடைசியில் வர, சிறுவர் இடையில் நடத்தல் நன்று. தேயிலைச் செடிகளிடையே சிறுத்தை நடமாடுவதுண்டு. மழைநீர் வடிய வெட்டிய கான்கள் இருளில் கண்ணுக்குத் தெரியமாட்டா. ஆதலின் தனியே செல்வது கூடவே கூடாது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. கம்பளி ஆடையை மறந்தவர் விண்மீனையும் மறந்து வீடு திரும்ப நேரிடும்.

மலையுச்சிவரை ஏறவேண்டியதில்லை. லயங்களின் விளக்கொளி மறையும் ஒரு திருப்பம் போதும். அங்கே கைவிளக்கின் முகத்தைச் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தால் மூடிவிட்டு, 20 அல்லது 30 நிமிடம் பொறுத்திருங்கள். நம் கண்கள் இருளுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். இடையில் ஒருவர் கைப்பேசியைத் திறந்தால் அனைவருடைய காத்திருப்பும் வீணாகும்.

இரவு எட்டு மணியளவில் ஏறக்குறைய உச்சியில் செந்நிறமாய்ச் சுடர்வது திருவாதிரை. மேற்கே சாய்ந்து கொத்தாகத் தோன்றுவன கார்த்திகை மீன்கள். இரண்டுக்கும் நடுவே செம்மை கலந்து நிற்பது ரோகிணி. தெற்கு வானில், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகை உயரத்தில் ஒளிர்வது அகத்திய மீன். பத்து மணிக்குப் பின் தென்கிழக்கே தென்சிலுவையும் எழுந்துவிடும். துருவ மீனோ இங்கு 7 பாகை உயரத்திலேயே நிற்பதால், பெரும்பாலும் வடக்கு மலைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

இனிப் படம்பிடித்தல். விலையுயர்ந்த கருவி தேவை என்று எண்ணித் தயங்கவேண்டாம். இரவுப்பட வசதியுள்ள கைப்பேசியை ஒரு கல்லின்மேல் அசையாது சார்த்திவைத்து, விரல் பட்டு நடுங்காதவாறு சில நொடி கழித்து இயங்கும்படி அமைத்தாலும் திருவாதிரையின் செம்மை பதிந்துவிடும். கமரா உள்ளவர் அதை முக்காலியில் நிறுத்தி, வில்லையின் துவாரத்தை முழுதும் திறந்து, பிரகாசமான மீனொன்றின் மேல் குவியத்தைக் கையாலே சரிசெய்ய வேண்டும். எவ்வளவு நேரம் திறந்துவைப்பது? 500 என்னும் எண்ணை வில்லையின் குவிதூரத்தால் வகுப்பது பழகுவோர்க்கான எளிய கணக்கு. 24 மில்லிமீற்றர் வில்லைக்கு ஏறத்தாழ 20 நொடி வரும். அதற்கு மேற்பட்டால், பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், மீன்கள் புள்ளியாக நில்லாது கோடாக நீளும். வில்லையில் பனி படியும். மெல்லிய துணியால் அடிக்கடி துடைத்துவிடுக.

கோடாகிவிட்டதே என்று வருந்தவும் வேண்டாம். பூமத்திய ரேகைக்கு அண்மையில் வாழும் நமக்கு, கீழ்வானத்து மீன்கள் ஏறக்குறைய நேர்க்குத்தாக எழுகின்றன. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் அதுவாகையால், மலைப்பாதையின் விளக்கு வரிசை தொலைவில் மாலைபோல் தெரியும் இடத்தில் நின்றால், மண்ணின் ஒளியும் விண்ணின் ஒளியும் ஒரே படத்தில் அமையும்.

ஓரையன் கூட்டத்திலுள்ள மாபெரும் ஒளிமுகிலை முதன்முதல் படம்பிடித்தவர் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர். 1880 செப்டெம்பர் 30ஆம் நாள், தொலைநோக்கியின் துணையோடு அவர் 51 நிமிடம் ஒளியைச் சேகரிக்க வேண்டியிருந்தது. இன்று அதன் மங்கிய சாயலைத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி 20 நொடியில் பெற்றுவிடலாம்.

அவள் எடுக்கும் படத்தில் இன்னுமொரு வியப்பும் உண்டு. ரோகிணியைச் சூழ்ந்துள்ள மங்கலான மீன்கூட்டம் ஏறத்தாழ 150 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. இன்று நம்மை வந்தடையும் அதன் ஒளி புறப்பட்டது 1870களில். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டுச் சில ஆண்டுகளே சென்றிருந்தன. கோப்பிச் செடிகளை நோய் அழித்துக்கொண்டிருந்தது. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே கண்டிச் சீமைக்கு நடந்துகொண்டிருந்தனர். வழியிலேயே மாண்டோரும் பலர். அவர்கள் நடந்த நாளிற் புறப்பட்ட ஒளி, அவர்தம் வழித்தோன்றலின் கையிலுள்ள கருவியில் இன்று வந்து விழுகிறது!

தோட்டத்து இருளை வறுமையின் அடையாளமாகவே நாம் கண்டு பழகிவிட்டோம். அதில் உண்மையில்லாமலும் இல்லை. லயங்களுக்கும் பாதைகளுக்கும் விளக்கு வேண்டும். அதை வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எனினும் விளக்கின் மேற்புறத்தை மூடி, ஒளி நிலத்தை நோக்கி விழுமாறு அமைத்தால் பாதையும் துலங்கும், வானமும் மறையாது. கொழும்பு நகரத்துப் பிள்ளைகள் தம் வாசலில் காணமுடியாத அத்தனை மீன்களைத் தோட்டத்துப் பிள்ளைகள் தம் வாசலிலேயே காண்கின்றனர் அன்றோ? அச்செல்வத்தை அவர்கள் அறியாமலே இழந்துவிடலாகாது.

பெற்றோரே, வருகின்ற சிவராத்திரியில் பிள்ளைகளுக்குத் துணையாக நீங்களும் நடவுங்கள். முதற்படம் மங்கலாக வந்தாலும் அழித்துவிடாமல் நாளும் இடமும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுப் படத்தோடு அதை ஒப்பிட்டு, தாம் கற்றது எவ்வளவு என்பதை அவர்கள் தாமே அறிந்துகொள்வர்.