கவுன்சிலருக்கு நீட்டிப்பு உண்டா?

ஆவடி மாநகராட்சியின் 48 கவுன்சிலர்களும் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றார்கள். 2027 மார்ச் தொடக்கத்தில் அவர்கள் காலம் முடிகிறது. தேர்தல் தள்ளிப்போனால் இவர்களே தொடர முடியுமா?

முடியாது. நகராட்சி மன்றத்தின் ஆயுள் முதல் கூட்டத்திலிருந்து ஐந்தாண்டு, அதற்கு மேல் கிடையாது என்கிறது அரசியல் சாசனத்தின் 243-யு பிரிவு. சட்டமன்றமே நினைத்தாலும் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது.

மேயர் கதை வேறு. அவர் எத்தனை ஆண்டு இருக்கலாம் என்பதை மாநிலச் சட்டம்தான் சொல்கிறது. மகாராஷ்டிராவில் இரண்டரை ஆண்டு, தமிழ்நாட்டில் ஐந்து. சிம்லாவிலும் இரண்டரைதான் இருந்தது. 2025 அக்டோபரில் இமாச்சலின் காங்கிரஸ் அமைச்சரவை அதை ஐந்தாக்க முடிவெடுத்ததும் பாஜக கவுன்சிலர்கள் கொதித்தார்கள். அடுத்த இரண்டரை ஆண்டு பெண் ஒருவரின் முறை, அதைப் பறிக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். கட்சிச் சண்டைதான்; ஆனாலும் நியாயமான கேள்வி. ஓட்டுப் போட்டபோது இருந்த விதியை நடுவில் மாற்றலாமா?

ஆவடியின் அனுபவமோ நேர்எதிர். இங்கே யாரும் நாற்காலியில் கூடுதலாக உட்காரவில்லை. நாற்காலிதான் காலியாகக் கிடந்தது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பை, பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாக இல்லை என்ற திமுக வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே மாதம் பழைய மன்றங்களின் காலம் முடிந்து, அவற்றுக்குப் பதிலாக நிர்வாகம் நடத்த அரசு நியமித்த தனி அதிகாரிகள் வந்தார்கள். மக்கள் பிரதிநிதிக்கு மறுக்கப்பட்ட நீட்டிப்பு இந்த அதிகாரிகளுக்கு ஆறு ஆறு மாதமாகக் கிடைத்தது. அப்போது எதிர்க்கட்சியாக இருந்து அதை எதிர்த்த திமுகவின் ஆட்சியில், 2025 ஜனவரியில் பல மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் முடிந்தபோதும் தனி அதிகாரிகளே வந்தார்கள்.

இடையில், 2019 ஜூனில், ஆவடி நகராட்சி மாநகராட்சி ஆனது. ஊரின் வரலாற்றிலேயே பெரிய மாற்றங்களில் ஒன்று. அப்போது கருத்துச் சொல்ல ஒரு கவுன்சிலர்கூடப் பதவியில் இல்லை. முதல் மேயராக கு. உதயகுமார் வந்தது 2022 மார்ச்சில்தான்.

ஆவடியின் பட்டாபிராமில் சாக்கடை அடைத்துக்கொண்டால், கவுன்சிலர் இருக்கும் காலத்தில் காலையிலேயே அவர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரவேண்டியவர் அவர். தனி அதிகாரிக்கு அந்தப் பயம் இல்லை. மனு கொடுக்கலாம், ரசீது வாங்கலாம்.

காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. சொல்லியும் 2016-ல் இடறியது இடஒதுக்கீட்டில். இம்முறை வார்டு வரையறையும் இடஒதுக்கீட்டுப் பட்டியலும் எப்போது வரும் என்று, எந்தக் கட்சிக்காரர் உங்கள் தெருவுக்கு வந்தாலும் தேதி கேளுங்கள்.