தோப்பும் பருவமும் – 7: முறை வைத்துக் காய்க்கும் மரங்கள்

பேராவூரணிப் பக்கம் தோப்பு வருமானம் என்றால் தேங்காய் வெட்டுதான். 45 நாளுக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒரு வெட்டு, அதையொட்டிக் கையில் பணம் என்று பழகிவிட்டதால், பழமரம் வைக்கலாமே என்று யாராவது சொன்னால் உடனே வரும் கேள்வி, "வருஷம் முழுக்கக் காய்க்குமா?" என்பதே. மாவும் பலாவும் அப்படிக் காய்க்காது. ஒரே மரத்தைப் பருவம் தப்பிக் காய்க்க வைக்கப் போராடுவதைவிட, வெவ்வேறு மாதங்களில் முறை வைத்துக் காய்க்கும் மரங்களைச் சேர்த்து நடுவதே இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த வட்டாரத்து மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அது ஓய்ந்து, தை மாதத்தில் மண் காய்ந்து இரவில் குளிரும்போது, மா தளிர்விடுவதை நிறுத்திப் பூவெடுக்கிறது. அந்தப் பூதான் சித்திரை முதல் ஆனி வரை பழமாகிறது. பலாவுக்கும் ஏறக்குறைய அதே காலம். இந்த இரண்டை மட்டும் நம்பினால் விளைச்சல் முழுவதும் கோடையில் குவியும். ஊரெங்கும் பழம் கிடைக்கும் நாளில்தான் நம் பழமும் விலைக்குப் போகும். கோடை முடியும்போது நாவல் வருகிறது, ஆவணி, புரட்டாசியில் சீத்தா. கொய்யா புதுத் தளிரில் பூப்பதால், கவாத்து செய்யும் மாதத்தைத் தள்ளி வைத்து அறுவடையையும் ஓரளவு தள்ளலாம். வாழைக்கு நட்டதிலிருந்து தார் வெட்ட ஏறத்தாழ ஓராண்டு. பொங்கலுக்குத் தார் வேண்டுமானால் முந்தைய பொங்கலையொட்டியே கட்டை நட்டிருக்க வேண்டும். மூன்று தவணையாக நட்டவருக்கு மற்ற மாதங்களிலும் வெட்டு இருக்கும்.

தண்ணீரை இங்கே மறக்கக் கூடாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. கல்லணைக் கால்வாயின் கடைமடையான பேராவூரணியில், மாங்காய் பருக்கும் மாதங்களில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். வேர் ஆழமாக இறங்கிய மாவும் பலாவும் அதைத் தாங்கும். வாழை தாங்காது. ஆகவே எத்தனை வாழை வைப்பது என்பதைக் கோடையில் போர் தரும் தண்ணீரைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பேக்லோபியூட்ரசால் ஊற்றி மாவைப் பருவத்துக்கு முன்பே பூக்க வைக்கலாமே, விலையும் கூடுதலாகக் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும். ஆனால் அது மரத்தின் வளர்ச்சியைக் கட்டும் மருந்து. அளவு தவறினால் மரம் நலியும். நூறு மரம் உள்ளவர் பத்தில் சோதித்துப் பார்க்கலாம், பத்தே மரம் உள்ளவர் எதில் சோதிப்பார்? கொஞ்சம் கொஞ்சமாகப் பல பழம் விளைந்தால் லோடு சேராது, வியாபாரி வரமாட்டார் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. கமிஷன் மண்டியை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் 1999-இல் தொடங்கிய உழவர் சந்தைகளிலும் வாரச்சந்தையிலும் ஒரு கூடை கொய்யாவும் இரண்டு தார் வாழையும் கொண்டுபோய் விற்க முடியும். வாரம் ஏதாவது ஒரு பழத்தோடு வருபவரைத்தான் வாடிக்கையாளரும் தேடுவார்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வந்தபோது கலப்புத் தோப்பு மட்டும் தப்பியதா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தப்பவில்லை. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் பலாவும் சாய்ந்தது. வாழை எந்தக் காற்றுக்கும் முதலில் விழும். ஆனால் விழுந்த பிறகு எது எப்போது பலன் தரும் என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. பப்பாளிக்கும் வாழைக்கும் ஏறத்தாழ ஓராண்டு போதும், பதியன் போட்ட கொய்யாவுக்கு இரண்டு மூன்று ஆண்டு. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டாகும். தென்னையை மட்டுமே வைத்திருந்த குடும்பங்கள் அந்த ஆறேழு ஆண்டையும் தோப்பு வருமானமின்றிக் கடக்க வேண்டியிருந்தது.

புயலுக்குப் பின் நட்ட தென்னைகள் இப்போது தலைவிரித்து நிழல் கட்டும் வயதில் இருக்கின்றன. அந்த நிழலில் மாவோ கொய்யாவோ சரியாகக் காய்க்காது. 25 அடி இடைவெளி இருந்தால் வாழை சமாளிக்கும். மற்றவற்றுக்கு வரப்போரமும், புயலில் மரம் போய் இன்னும் காலியாகக் கிடக்கும் இடங்களும்தான் வழி. அந்த இடங்களில் மறுபடியும் தென்னங்கன்றையே வைக்காமல், ஐப்பசி மழைக்கு முன் கொய்யாவுக்கும் சீத்தாவுக்கும் குழி எடுத்துவிடலாம்.