நான்கு சிலிண்டர் எஞ்சின்

மாணவர்களே, ஃபியட் 1100 காரின் எஞ்சினில் சிலிண்டர்கள் நான்கு. ஒவ்வொன்றின் உள்விட்டம் 68 மில்லிமீட்டர். பிஸ்டன் செல்லும் தூரம் 75 மில்லிமீட்டர். உருளையின் கனஅளவைக் கண்டு நான்கால் பெருக்குங்கள். 1089 கன சென்டிமீட்டர் வரும். வகுப்பில் இக்கணக்கை நான் பலமுறை கொடுத்ததுண்டு. 1, 3, 4, 2 என்னும் வரிசையில் சிலிண்டர்களில் எரிபொருள் பற்றுகிறது. அரைச்சுற்றுக்கு ஓர் உந்துதல் கிடைப்பதால் ஓட்டம் சீராகிறது.

பெட்ரோல் எரிந்து பிறக்கும் வெப்பத்தில் ஏறக்குறையக் கால்பங்கே வண்டியை ஓட்டுகிறது. எஞ்சியதைப் புகையும் ரேடியேட்டர் நீருமே பெரும்பாலும் கொண்டுபோகின்றன. அந்த நீரைத்தான் 1998-இல் ஒருநாள் நான் பாராமல் விட்டேன். பொதுத்தேர்வு எழுத வேண்டிய மாணவர் நால்வர் வண்டியில் இருந்தனர். வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டதைக் கண்டும், நேரமாகிறதே என்று ஓட்டினேன். எஞ்சின் நின்றது. பிள்ளைகள் லாரி ஒன்றில் தொற்றிச் சென்று, மணியடித்தபின் தேர்வறைக்குள் நுழைந்தனர்.

சிலிண்டர்களின் தலைப்பகுதி அலுமினியம்; அடிப்பகுதி வார்ப்பிரும்பு. ஒரே வெப்பத்தில் அலுமினியம் இரும்பைப்போல் இருமடங்கு விரியும். பௌதிகத்தில் நானே கற்பித்த பாடம்! தலைப்பகுதி வளைந்து, இடையிலிருந்த காஸ்கட் கருகிப்போயிருந்தது.

அதன்பின் நாள்தோறும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், எண்ணெயையும் நீரையும் பார்த்தே வண்டியை எடுத்தேன். சூடாயிருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.