சீரகத்தளவு அக்கறை

சம்பளம் சொற்பம் என்று ஸ்பானிய மொழியில் சொல்ல வேண்டுமா? சொல்லைப் பார்த்து எடுங்கள். 'எஸ்காசோ' என்றால் குறைவு, அவ்வளவுதான். 'எக்சிகுவோ' அதையே கொஞ்சம் ஏட்டு நடையில் சொல்லும். 'மீசெரோ' என்றாலோ, கொடுத்தவரின் கஞ்சத்தனத்தையும் சேர்த்து இடித்துக்காட்டும்.

அளவை விட்டு முக்கியத்துவத்துக்கு வந்தால் 'நிமியோ'. அற்பமானது என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், இதன் லத்தீன் மூலத்துக்கு 'மிதமிஞ்சியது' என்றே அர்த்தம்! மிதமிஞ்சிய கவனம் என்று எழுதப்பட்டதை, அற்ப விஷயத்தில் காட்டும் கவனம் என்று புரிந்துகொண்டார்கள், பொருள் தலைகீழாகிவிட்டது. ராயல் ஸ்பானிய அகாதமியின் அகராதி இன்றும் இரண்டு பொருளையும் தருகிறது. படிப்பவர் பாடு!

'பலதீ'யும் அற்பம்தான். அரபியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு அங்கே 'உள்நாட்டைச் சேர்ந்தது' என்று பொருள். வெளியிலிருந்து வந்தால்தான் மதிப்பு என்ற நினைப்பு அந்தக் காலத்திலேயே இருந்தது போலும்.

பேச்சு வழக்கில் இத்தனை சிக்கல் இல்லை. "எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை" என்பதற்கு, 'மே இம்போர்த்தா உன் கொமினோ' என்பார்கள். கொமினோ என்றால் சீரகம். சீரகத்துக்குப் பதில் வெள்ளரிக்காய், முள்ளங்கி, மிளகாய் என்று எதையும் போடலாம். காய் பெரிதானாலும் அக்கறை கூடிவிடாது.