மழையும் மூன்றாவது சக்கரமும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மூன்று சக்கர மோட்டார் என்றால் பெரும்பாலும் சைட்கார் வண்டிதான். பழைய ஹோண்டா இஎக்ஸ்5-இன் இடப்பக்கம் ஒரு பெட்டியைப் பொருத்தி, கரும்புச் சாறு, கோரேங் பீசாங், பழைய இரும்பு என்று ஏற்றிப் போவார்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்து மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் வண்டிகளும் உண்டு. மழையில் அதிகம் படுத்துவது சைட்கார்தான். அதனால் அதையே பார்ப்போம்.

மூன்று சக்கரம் இருந்தால் வழுக்கி விழமாட்டோம் என்பது பாதிதான் உண்மை. விழுவது குறையும், பக்கவாட்டில் இழுபடுவது கூடும். மலேசியாவில் வண்டி ஓடுவது சாலையின் இடப்பக்கம், பெட்டியும் இடப்பக்கம். சாலை ஓரத்தை நோக்கிச் சரிவதால் மழைநீர் தேங்குவதும் அங்கேதான், கால்வாயை ஒட்டி. சாதாரண மோட்டாரில் முன்சக்கரம் தண்ணீரை விலக்கிவிடும், பின்சக்கரம் அதே தடத்தில் வரும். சைட்கார் சக்கரத்துக்கு அப்படி முன்னால் போகிறவர் யாருமில்லை. அது தேங்கிய நீருக்குள் இறங்கியதும் வண்டி இடப்பக்கம் இழுக்கும்.

பிரேக் பிடித்தால் நேர் எதிர். பல சைட்கார் சக்கரங்களுக்குப் பிரேக்கே கிடையாது. மோட்டார் நிற்கப் பார்க்கும், பெட்டி நிற்காமல் முன்னே போகும். வண்டியின் மூக்கு வலப்பக்கம் திரும்பும், அதாவது லாரி வரும் பக்கம். ஈரச் சாலையில் டயரின் பிடி குறைந்திருப்பதால் அதைத் தடுப்பதும் கடினம். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நீர் இடப்பக்கம் இழுக்கிறது, நீங்கள் ஹேண்டலை வலப்பக்கம் பிடித்திருக்கிறீர்கள், பயத்தில் பிரேக்கையும் அழுத்துகிறீர்கள். சக்கரம் நீரைவிட்டு வெளியே வரும் அந்த நொடியில் வண்டி அடுத்த தடத்துக்குப் பாயும். எனவே நீரில் இறங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். இறங்கிய பிறகு பிரேக்கைத் தொடாதீர்கள், ஆக்ஸிலரேட்டரை முறுக்கவும் வேண்டாம். இரண்டு சக்கர மோட்டார் பழகியவர்கள் உடம்பைச் சாய்த்துத் திருப்பப் பார்ப்பார்கள். இந்த வண்டி அதற்குத் திரும்பாது, ஹேண்டலைத்தான் திருப்ப வேண்டும்.

பாசார் மாலாம் (இரவுச் சந்தை) முடிந்து காலிப் பெட்டியோடு திரும்புவது இன்னும் மோசம். எடை குறைந்த சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்காது. இடப்பக்கம் வளையும்போது தூக்கவும் செய்யும். எரிவாயு சிலிண்டரையோ ஒரு மணல் மூட்டையையோ பெட்டியின் அடியில் கட்டி வையுங்கள். குடையையும் தார்ப்பாயையும் மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று அவற்றைப் பாய்மரமாக்கிவிடும்.

இப்படிப்பட்ட மழையை எப்போது எதிர்பார்க்கலாம்? ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. மே முதல் செப்டம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீர்ப் புயல்காற்று வரும்; கடலோரக் கிள்ளானுக்கு அது முதலில் வந்து சேரும். கிள்ளானில் கடல் பெருக்கும் சேர்ந்துகொண்டால் கால்வாய் நீர் வடிய இடமின்றிச் சாலையிலேயே நிற்கும். அந்த நேரத்தில் ஓரத்துக் குழி எது, கால்வாய் எது என்று கண்ணால் பிரித்தறிய முடியாது.

பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளான் போகிறவர்களுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடம் வசதிதான். ஆனால் குறுகலானது, சுரங்கப் பாதைகளில் நீர் தேங்கும். அகலமான சைட்கார் அங்கே நின்றுவிட்டால் பின்னால் வருபவர்களுக்கு வழியில்லை. மேம்பாலத்தின் கீழ் மற்ற மோட்டார்களோடு ஒடுங்கி நிற்கவும் இந்த வண்டியால் முடியாது, பெட்டி சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் நிலையம் வரை பொறுமையாகப் போய் ஒதுங்குவதே மேல்.

மழை விட்டுப் புறப்படும்போது டிரம் பிரேக்கை நம்பாதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை இலேசாக அழுத்தி அழுத்தி விடுங்கள். அந்தச் சூட்டில் காய்ந்து, பழைய பிடி திரும்பியதும் வேகம் எடுக்கலாம்.