மீன் செத்தது கிணற்றாலா?

மயிலிட்டியில் நாம் பார்க்கப் போன வீட்டில் எமக்கு முதலிற் காட்டப்பட்டது மீன்தொட்டி. விறாந்தையின் ஓரத்தில், வீடு கட்டி மிஞ்சிய சீமெந்துக் கல்லில் பேரப்பிள்ளைக்காகக் கட்டிய மூன்றடித் தொட்டி அது. அதற்குள் இரண்டு கப்பி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பத்து நாளைக்கு முன் இருபது மீன் விட்டார்களாம்.

"விடிய எழும்பிப் பாத்தா ரண்டு, மூண்டு மிதக்குது. பெடியன் காணமுன்னம் எடுத்துப் புதைச்சுப்போடுவன்" என்றார் அம்மம்மா. அவருக்கு அது கண்ணூறு. மருமகனுக்கு வேறு எண்ணம். "கிணறுதான் ஐயா. இருபத்தேழு வருசம் அதுக்குள்ள என்ன கிடந்ததெண்டு ஆருக்குத் தெரியும்?"

இந்தச் சந்தேகம் மீனோடு நிற்கவில்லை. மீன் சாகத் தொடங்கிய நான்காம் நாளிலிருந்து அந்த வீட்டார் தங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். கானில் வரும் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை, அதற்குப் புட்டிப்பால். கூலி வேலைக்குப் போகும் ஒருவர் தன் சொந்தக் கிணறு பக்கத்திலிருக்கத் தண்ணீருக்குக் காசு கொடுப்பது சிறிய விடயமல்ல.

அவருடைய பயத்தை நாம் குறைத்துச் சொல்லவும் மாட்டோம். 1990 யூனில் மயிலிட்டி மக்கள் வெளியேறினார்கள். 2017 யூலையிலேதான் துறைமுகமும் அதைச் சேர்ந்த காணிகளும் திரும்பக் கிடைத்தன. திரும்பியவர்கள் பற்றைக்குள் தேடிக் கண்டுபிடித்த முதற் பொருள் கிணறு. இறைத்து, சேறள்ளி, குளோரின் போட்டுத்தான் அடுப்பு மூட்டினார்கள். முகாமில் இருந்த காலத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த கதையையும் இவர்கள் கிட்ட நின்று கண்டவர்கள். அந்த வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2019 இல். ஆகவே, மீன் செத்ததும் கண் கிணற்றின் பக்கம் போனது நியாயமே. ஆனால் நியாயமான சந்தேகத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மீன் சாகிற வீட்டில் பெரும்பாலும் முதலில் நடப்பது கடைக்கு ஓடி நீல மருந்தோ மஞ்சள் மருந்தோ வாங்கி ஊற்றுவது. அதற்குமுன் எப்படிச் செத்தன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே இரவில் செத்தால் நஞ்சு, குளோரின் அல்லது மூச்சுத் திணறல் என்று நினைக்கலாம். பெரிய மீன் முதலிற் செத்து, சின்னது தப்பி, அதுவும் விடியற்புறத்தில் என்றால் தண்ணீரில் ஒக்சிசன் போதவில்லை. நாளொன்றுக்கு இரண்டு, மூன்றாகப் பத்து நாள் செத்தால், தொட்டிக்குள் ஏதோ ஒன்று மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு வருகிறது. இந்த வீட்டுக் கதை மூன்றாவது வகை.

அன்று மாலையே இரண்டு சோதனை செய்தோம். இரண்டுக்கும் செலவில்லை.

முதலாவது வாளிச் சோதனை. சவர்க்காரம் படாத வாளியொன்றில் கிணற்றுத் தண்ணீர் அள்ளி, இன்னொரு வாளிக்கு உயரத்திலிருந்து நாலைந்து தரம் மாற்றி ஊற்றினோம். நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் ஒக்சிசன் குறைவாகவும் காபனீரொட்சைட்டு கூடுதலாகவும் இருக்கும். காற்றுப்படாமல் அப்படியே மீனை விட்டால் அதனாலேயே செத்துப்போகலாம். பிறகு மிஞ்சிய இரண்டு மீனையும் பொலித்தீன் பையில் தொட்டித் தண்ணீரோடு எடுத்து, வாளித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, ஒரு மணித்தியாலத்தின்பின் வாளிக்குள் விட்டோம்.

இரண்டாவது மஞ்சள் சோதனை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எவருக்கும் தெரியும். வெள்ளைக் கடதாசியில் மஞ்சட்கூழைப் பூசிக் காயவைத்துத் துண்டுகளாக வெட்டினோம். கிணற்றுத் தண்ணீரில் தோய்த்த துண்டு மஞ்சளாகவே இருந்தது. தொட்டித் தண்ணீரில் தோய்த்தது செங்கபிலமானது. அம்மம்மா அதை வாங்கி வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு" என்றார். நாம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கரைந்து வரும். தண்ணீரின் காரத்தன்மை மீனின் செவுளைச் சுடுமளவுக்கு ஏறும். கட்டி ஒரு கிழமையில் மீன் விட்ட தொட்டி இது. புதுத் தொட்டியென்றால் தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை வெளியே விட்டு, மீண்டும் நிரப்பி, இரண்டு மூன்று கிழமையாவது ஊற வைக்க வேண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு அழுகவிடுவதும் உண்டு. அழுகும்போது வரும் புளிப்புச் சுண்ணாம்பை முறிக்கும். பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். மஞ்சட் கடதாசி சிவக்காத நாளில்தான் மீன் விடலாம்.

ஆனால் சுண்ணாம்பு மாத்திரம் காரணமில்லை. இங்கே தோட்டக்காரருக்குப் பழக்கமான ஒரு கதை இருக்கிறது. வெங்காயத்துக்கு யூரியா போட்டால் மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அதை முதலில் அமோனியாவாகவும், பின் நைத்திரைற்றாகவும், கடைசியில் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. மீன்தொட்டியிலும் நடப்பது இதுதான். மீனின் கழிவும் தின்னாமல் மிஞ்சிய தீனும் அமோனியாவாகின்றன. அமோனியா மீனுக்கு நஞ்சு. பழைய தொட்டியில், கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழும் பற்றீரியாக்கள் அதை உடனுக்குடன் மாற்றிவிடும். புதுத் தொட்டியில் அவை இல்லை. அவை பெருகி வர நாலு தொடக்கம் ஆறு கிழமை செல்லும். முதல் மாதத்தில் இருபது மீனை விட்டு, பிள்ளை ஆசையில் நாளுக்கு மூன்று தரம் சோறும் பாணும் போட்டால், எருவைக் குவித்துவிட்டு மண்ணில்லாமல் நட்ட கன்றின் நிலைதான்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னுமொரு கூர்மை உண்டு. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கியவை. தண்ணீர் வன்மையானது, சிறிது காரமானது. பீஎச் அளவு ஒரு படி ஏறினால் அமோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறையப் பத்து மடங்காகும். ஆகவே புத்தகத்திலோ கடையிலோ சொல்லும் மீன் கணக்கில் பாதியை விடுவதே எமக்கு நல்லது. இந்த வீட்டுத் தொட்டியில் புதுச் சீமெந்தும் புதுக் கழிவும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன.

மருமகன் செய்த இன்னொன்றும் உண்டு. தண்ணீர் கலங்கியதைக் கண்டு இரண்டு தரம் முழுத் தண்ணீரையும் இறைத்து, கல்லை எடுத்துத் தூள் போட்டுக் கழுவியிருக்கிறார். சுத்தமென்று நினைத்துத்தான். ஆனால் பிடிக்கத் தொடங்கிய பற்றீரியாவும் அத்தோடு போய்விட்டது. தண்ணீர் மாற்றுவதென்றால் நாலிலொரு பங்கு, கூடினால் மூன்றிலொரு பங்கு. கல்லையும் பஞ்சையும் தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசினாற் போதும். குழாயிலோ பவுசரிலோ வரும் தண்ணீர் என்றால் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்து, குளோரின் போனபின் விட வேண்டும். கிணற்றுக்கு மருந்து போட்ட கிழமைகளில் அந்தத் தண்ணீரைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக்கூடாது.

மறுநாட் காலை நாம் போனபோது வாளியில் இரண்டு மீனும் கீழே இறங்கி ஓடித் திரிந்தன. பெடியன் வாளிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தான். மருமகன் முகத்தில் பெரிய ஆறுதல். "அப்ப தண்ணி நல்லதுதான். இனிக் குடிக்கலாம், என்ன?"

இந்த இடத்தில்தான் நாம் அவரை நிறுத்த வேண்டியிருந்தது.

மீனைக் கிணறு கொல்லவில்லை என்பதை வாளி காட்டியது. கிணற்று நீர் குழந்தைக்கு நல்லது என்பதை அது காட்டவில்லை. மலக்கிருமி கலந்த தண்ணீரில் கப்பி மீன் கொழுத்து வளரும். நைத்திரேற்றுக் கூடிய தண்ணீரிலும் வாழும். குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்தில் பசளை கூடப் போட்டுத் தோட்டஞ் செய்த பகுதிகளில் இந்த அளவைத் தாண்டிய கிணறுகள் உண்டு. செம்பாட்டு மண்ணில் போட்ட பசளையும், மலகூடக் குழியின் கசிவும், கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் கீழே இறங்கிவிடுகின்றன.

பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்குட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து. குழந்தையின் குடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒக்சிசனைச் சுமக்க முடியாமற் செய்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். புதுத் தொட்டியில் மீனுக்கு நடப்பதும் இதேதான். நைத்திரைற்று ஏறினால் செவுள் மண்ணிறமாகும், மீன் மேலே வந்து மூச்சுக்கு அந்தரப்படும். மீனுக்குப் பத்து லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி கறியுப்புப் போட்டால் ஓரளவு தப்பும். குழந்தைக்கு அப்படிக் கைமருந்து இல்லை; நீலம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிதான். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. கொதித்து வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். இதை அறியாத தாய்மார் பலர். கொதித்தாறிய நீர் என்றால் எல்லாத்துக்கும் நல்லதென்று நாமே வருடக்கணக்காகச் சொல்லிப் பழக்கிவிட்டோம்.

ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லி, நீரை ஆய்வுகூடத்திற் கொடுக்க ஒழுங்கு செய்தோம். கிருமிச் சோதனைக்குக் கிருமியகற்றிய போத்தலை ஆய்வுகூடத்திலேயே வாங்க வேண்டும். நைத்திரேற்றுக்கும் உப்புக்கும் சுத்தமான போத்தல் போதும். அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி நிரப்பி, குளிராக வைத்து அன்றே கொடுத்துவிட வேண்டும். மாரிக்குப் பின்னும் கோடையிலும் என இரு தரம் பார்ப்பது நல்லது. மயிலிட்டி கடலை ஒட்டியது. நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் ஊர். பம்பி போட்டு ஓயாமல் இறைத்தால் கோடையில் உப்பு ஏறும்.

இன்னும் சிலவற்றை வழியிற் கண்டதாகச் சொல்லி விடுகிறோம். மருந்தடிக்கும் கருவியைக் கழுவிய கையைத் தொட்டிக்குள் வைக்காதீர்கள்; பூச்சி மருந்துகளில் ஒருசில துளி போதும். டெங்குக்குப் புகையடிக்க வருகிறார்கள் என்றால் தொட்டியை மூடுங்கள். வெயில் விழும் இடத்தில் வைத்தால் தண்ணீர் பச்சையாகும், இரவில் பாசியும் மூச்செடுத்து விடியலில் மீன் திணறும். கடைக்காரர் காட்டும் நியோன் ரெற்றாவுக்கு ஆசைப்பட வேண்டாம். அது அமேசன் காட்டின் மென்னீர் மீன். கப்பியும் மொலியும் எங்கள் கல்லுத் தண்ணீரை விரும்புபவை, சிறிது உப்பையும் தாங்கும்.

நாம் புறப்படும்போது மருமகன் தோட்டத்து மூலையில் வாழைத்தண்டு வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மீனும் பழைய பேசினொன்றில், நாளுக்கு ஒரு தரம் ஒரு சிட்டிகைத் தீனோடு. பெறுபேறு வரும்வரை குழந்தையின் பாலுக்கு வாங்கும் தண்ணீர்தான் என்று அம்மம்மா முடிவு சொல்லிவிட்டார். ஆய்வுகூடத்துக்குப் போகும் போத்தலில் பெடியன் தன் கையெழுத்தில் "எங்கட கிணறு" என்று எழுதி ஒட்டியிருந்தான்.