அம்மை போட்டால் மறைக்காதீங்க



வெயில் ஏற ஆரம்பித்தால் நம்ம பக்கம் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். "அம்மா வார்த்திருக்கு" என்போம். அந்தக் காலத்தில் உயிரைக் குடித்த பெரியம்மை வேறு. தடுப்பூசியால் இந்தியாவில் 1975-க்குப் பிறகு அது பரவவில்லை. உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980-ல் அறிவித்தார்கள். இப்போது பிள்ளைகளுக்கு வருவது சின்னம்மை. இது உடம்புச் சூட்டால் வருவதில்லை. வைரஸ் கிருமியால் வருகிறது.

எப்படிப் பரவுது?

இருமல், தும்மல், கொப்புள நீர் மூலம் பரவும். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒட்ட ஆரம்பித்துவிடும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு கட்டும் வரை ஒட்டும். ஒட்டியவருக்கு 10 முதல் 21 நாளுக்குள் அம்மை காணும்.

யாருக்கு ஆபத்து?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். ஆனால் கர்ப்பிணி, பச்சைக் குழந்தை, பெரியவர்கள், புற்றுநோய் போன்ற நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் இவர்களுக்குக் கடுமையாகலாம்.

ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் குடும்பங்கள் வரிசை வீடுகளில் நெருக்கமாக இருக்கின்றன. சம்பளம் போயிடும், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார் என்று சிலர் மறைக்கிறார்கள். பக்கத்து ரூமில் ஒரு கர்ப்பிணி இருந்தால்? வாசலில் வேப்பிலை கட்டுவது இதற்குத்தான் நல்லது. வருபவருக்கு அது தகவல் சொல்லிவிடும். முன்பு அம்மை வராத கர்ப்பிணி அம்மை கண்டவரோடு பழகியிருந்தால், அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

• சாமி கும்பிடுங்கள், வேப்பிலை வையுங்கள். மருத்துவமனைக்கும் போங்கள். பெரியவர்களுக்கு வந்தால் முதல் நாளே போவது நல்லது. அதற்கு மருந்து உண்டு.
• தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டலாம். ஏழாம் நாள் தண்ணி ஊத்தும் வரை காத்திருக்க வேண்டாம். அழுக்கு சேர்ந்தால் புண் சீழ் வைக்கும்.
• நகத்தை வெட்டி விடுங்கள்.
• பட்டினி போடாதீர்கள். கஞ்சி, இளநீர், மோர், பருப்பு சாதம் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.
• காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், புரூபென் மாத்திரை கூடவே கூடாது.
• பொருக்கு கட்டும் வரை பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் அனுப்பாதீர்கள்.

உடனே ஓட வேண்டிய நேரம்

மூச்சு வாங்குதல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், தள்ளாட்டம், விடாத வாந்தி, நாலு நாளுக்கு மேல் காய்ச்சல், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் கேட்க 104.

தடுப்பூசி

சின்னம்மைக்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் அது இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். இலவசமாகப் போடுவது தட்டம்மை, ரூபெல்லா ஊசி. அது வேறு அம்மைக்கு. அதைத் தவறாமல் போடுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

பிள்ளையைப் பார்க்க ஒரு தாய் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால், அவருக்கு உள்கடனில் முன்னுரிமை கொடுங்கள். ஏற்கெனவே அம்மை வந்து போன சகோதரி ஒருவர் கடைக்குப் போய் உதவலாம். இந்தக் கூட்டத்திலேயே பேசி, தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். கூலி போகாது என்ற தைரியம் இருந்தால் யாரும் மறைக்க மாட்டார்கள்.